கேட்க ஆள் வரும்வரை காத்திருந்த பெட்டி

போன மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை 5.30 மணிக்குச் சித்தப்பா போன் செய்தார். "ஏங்கண்ணு, பெட்டி சில்லுன்னு கெடக்குதே, உள்ள ஒரு லைட்டும் எரியலையே" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

பெட்டி என்றால் நான் அவருக்குச் செய்து கொடுத்த இன்குபேட்டர். தெர்மாகோல் பெட்டி, உள்ளே சூட்டுக்கு இரண்டு குண்டு பல்பு, காற்றைச் சுற்றிவிட ஒரு சின்ன விசிறி, வெப்பம் அளக்க டிஎஸ்18பி20 சென்சார், பல்புகளை எரியவிட்டு அணைக்க ஒரு ரிலே, இவை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. நாட்டுக்கோழி முட்டை பொரிக்க 21 நாள் ஆகும், அத்தனை நாளும் பெட்டிக்குள் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்க வேண்டும். அவர் வைத்திருந்தது 60 முட்டைகள், அன்று ஆறாவது நாள். முந்தின ராத்திரி 11 மணி வாக்கில் கரண்ட் போயிருக்கிறது, முக்கால் மணி நேரத்தில் வந்தும்விட்டது. அவ்வளவு நேரக் குளிர்ச்சியை முட்டை தாங்கிக்கொள்ளும், தாய்க்கோழியே இரை பொறுக்க எழுந்து போய்விட்டுத்தானே வருகிறது. ஆனால் கரண்ட் வந்த பிறகும் பல்புகள் எரியவில்லை. விடியும்வரை எரியவில்லை.

அடாப்டரைப் பிடுங்கி மறுபடி மாட்டச் சொன்னேன். மாட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. பஸ் பிடித்துப் போய்ச் சேர 9 மணி ஆகிவிட்டது. லேப்டாப்பை எடுத்து யூஎஸ்பி கேபிளைச் செருகினேன், அப்போதும் இருட்டுதான். சரி, உள்ளே என்ன நடக்கிறது பார்ப்போம் என்று, போர்டு அனுப்பும் எழுத்துகளைக் கணினித் திரையில் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்தேன். திறந்த அந்த நொடி ரிலே 'டிக்' என்றது, இரண்டு பல்பும் எரிந்தன. "அட, சரியாப் போச்சே" என்றார் சித்தப்பா. எனக்கோ அந்த 'டிக்' சத்தத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. புரோகிராமின் தொடக்கத்தில் நானே எழுதி வைத்த ஒரே ஒரு வரி: சீரியல் தயாராகும்வரை இங்கேயே நில். சீரியல் என்பது போர்டு கணினியோடு பேசும் வழி, போர்ட் என்பது அதன் கணினிப் பக்கத்து வாசல். போர்டு ராத்திரி முழுக்க அந்த வரியில் நின்றிருக்கிறது, கணினியில் யாராவது போர்ட்டைத் திறப்பார்கள் என்று.

அப்படியானால் முதல் ஐந்து நாள் எப்படி ஓடியது? முதல் நாள் நான் அங்கே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். சீரியல் மானிட்டர் திறந்திருந்தது, போர்டு அந்த வரியைத் தாண்டிவிட்டது. பிறகு மானிட்டரை மூடினேன், கேபிளைக் கழற்றினேன், போர்டுக்கு மின்சாரம் தனியாக 12 வோல்ட் அடாப்டரிலிருந்து வந்ததால் அது பாட்டுக்கு ஓடியது. மறுபடி தொடக்கத்திலிருந்து ஓட வேண்டிய சூழ்நிலை ஐந்து நாள் வரவே இல்லை. கரண்ட் போய் வந்தபோதுதான் வந்தது. இந்தத் தவறின் மோசமான குணமே இதுதான்: மேஜையில் வைத்துச் சோதிக்கும்போது மானிட்டர் எப்போதும் திறந்துதான் இருக்கும், அதனால் சோதிப்பவர் கண்ணில் அது படவே படாது. வாட்ச்டாக் வைத்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அதுவும் உதவியிருக்காது, சிக்கி நிற்கும் போர்டை வாட்ச்டாக் மறுபடி தொடங்கிவிடும், போர்டு மறுபடி அதே வரியில் வந்து நிற்கும்.

அந்த வரியை நான் யோசித்து எழுதவில்லை, பழக்கத்தில் எழுதினேன். பழைய ஆர்டுயினோ ஊனோவில் அதை எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்றுதான். ஊனோவில் உங்கள் புரோகிராம் ஓடும் சிப் ஏடிமெகா 328பி, அதற்கு யூஎஸ்பி என்றால் என்னவென்றே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு சிப்தான், பிந்தைய ஊனோக்களில் ஏடிமெகா 16யூ2, கணினியோடு யூஎஸ்பியில் பேசி அதைச் சாதாரண சீரியலாக மாற்றி இந்தப் பக்கம் தருகிறது. கணினியில் போர்ட் திறந்திருக்கிறதா என்பது முதல் சிப்புக்குத் தெரியாது, 'சீரியல் தயாரா' என்று கேட்டால் எப்போதும் 'ஆம்' என்றே பதில் வரும். இன்னொன்றும் உண்டு. போர்ட்டைத் திறந்தால் டிடிஆர் என்ற சிக்னல் மாறும், அது 100 நானோஃபாரட் கபாசிட்டர் வழியாக ரீசெட் பின்னைத் தட்டும், புரோகிராம் முதலிலிருந்து ஓடும். அதனால்தான் ஊனோவில் முதல் வரி ஒருபோதும் தவறிப்போவதில்லை. நம்மில் பலர் இதில் பழகியவர்கள், முதல் வரி தெரிவது இயற்கை என்றே நினைத்துவிட்டோம்.

2012இல் வந்த லியோனார்டோவில் இந்த ஏற்பாடு மாறியது. அதில் ஏடிமெகா 32யூ4 என்ற ஒரே சிப்தான், யூஎஸ்பியும் அதற்குள்ளேயே. சித்தப்பாவின் பெட்டியில் இருந்ததும் இதே சிப்தான். போர்ட்டைத் திறந்தால் ரீசெட் ஆகாது. போர்டு எழுந்து, கணினி அதை அடையாளம் கண்டு, நீங்கள் மானிட்டரைத் திறப்பதற்குள் தொடக்க வரிகள் எல்லாம் போய்ச்சேர்ந்திருக்கும், உங்கள் திரையில் ஒன்றும் இருக்காது. அதற்காகத்தான் 'சீரியல் தயாராகும்வரை நில்' என்ற வரியை உதாரண நிரல்களில் சேர்த்தார்கள். நேட்டிவ் யூஎஸ்பி, அதாவது சிப்புக்குள்ளேயே யூஎஸ்பி, உள்ள போர்டுக்கு மட்டும் தேவை என்று பக்கத்திலேயே குறிப்பும் இருக்கும். உதாரணம் என்ற அளவில் அது சரியான வரிதான். கணினியே இல்லாத இடத்தில் வேலை செய்ய வேண்டிய கருவிக்குள் அதைக் கொண்டுபோய் வைத்தது நான்.

பெட்டியைச் சரிசெய்வது ஐந்து நிமிட வேலை, அந்த வரியை எடுத்தாயிற்று. ஆனால் 'தயார்' என்ற அந்தச் சொல் மனசை விட்டுப் போகவில்லை. யார் தயார்? எதற்குத் தயார்? போர்டுக்கு இதெல்லாம் எப்படித் தெரியவருகிறது? அடுத்த இரண்டு மூன்று மாதம் கிடைத்த நேரத்திலெல்லாம் இதைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன்.

கேபிளைச் செருகியதும் போர்டு அதன் தரவுக் கம்பிகளில் ஒன்றான டி பிளஸ்ஸை 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மேலே இழுக்கிறது, 'நான் வந்திருக்கிறேன், ஃபுல் ஸ்பீட் என்ற வேகத்தில் பேசுவேன்' என்பதற்கு அதுதான் அறிகுறி. கணினி உடனே நம்பிவிடாது, செருகும்போது தொடர்பு விட்டுவிட்டு வரும் என்பதால் குறைந்தது 100 மில்லிசெகண்ட் பொறுக்கும். அப்புறம் ரீசெட் கொடுக்கும், முகவரி ஒன்று ஒதுக்கும், 'நீ யார், உன்னிடம் என்னென்ன இருக்கிறது' என்று டிஸ்கிரிப்டர்களைக் கேட்டு வாங்கும், கடைசியில் 'இந்த அமைப்பில் இயங்கு' என்று ஒரு கட்டளை அனுப்பும். எனுமரேஷன் என்பது இந்த முழு உரையாடலும்தான். இது முடிந்தால் போர்டு 'கான்ஃபிகர்டு' நிலைக்கு வருகிறது. டைனியூஎஸ்பி நூலகத்தில் 'மவுன்டட்' என்று கேட்கும் ஃபங்ஷன் இதைத்தான் சொல்கிறது, எஸ்டிஎம்32 சிப்காரர்கள் பார்க்கும் 'டெவ் ஸ்டேட்' மாறியும் இதையே சொல்கிறது. நிறைய பேர் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் இதற்கு அர்த்தம், எதிரே ஒரு கணினி இருக்கிறது, அதற்கு உன்னைத் தெரியும் என்பது மட்டும்தான். அந்தக் கணினியில் உன் பேச்சைக் கேட்க ஒரு புரோகிராம் உட்கார்ந்திருக்கிறதா என்பது இதில் இல்லவே இல்லை. லினக்ஸை எடுத்துக்கொண்டால், போர்ட்டை ஒரு புரோகிராம் திறக்கும்வரை அதன் டிரைவர் போர்டிடம் தரவு கேட்கவே ஆரம்பிப்பதில்லை. யூஎஸ்பியில் கணினி கேட்டால்தான் போர்டு கொடுக்க முடியும், தானாக எதையும் தள்ளிவிட முடியாது. எழுதியதெல்லாம் போர்டின் பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்திலேயே கிடக்கும்.

அடுத்த படிதான் டிடிஆர். டேட்டா டெர்மினல் ரெடி. 1960இல் வந்த ஆர்எஸ்-232 காலத்துச் சொல் அது, டெர்மினலிலிருந்து மோடமுக்கு ஒரு தனிக் கம்பி ஓடும், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்வதற்காக மட்டும். நாம் இன்று போர்டுகளில் பயன்படுத்தும் யூஎஸ்பி சீரியலின் பெயர் சிடிசி ஏசிஎம், மோடம்களுக்காக எழுதப்பட்ட வரையறை, 1.1 பதிப்பு 1999இல் வந்தது. அதில் கம்பிக்குப் பதில் ஒரு கட்டளை, ஹெக்ஸாவில் 22 என்ற எண்ணோடு வரும். அதோடு வரும் மதிப்பின் முதல் பிட் டிடிஆர், அடுத்த பிட் ஆர்டிஎஸ் என்ற இன்னொரு சிக்னல். கணினியில் ஒரு புரோகிராம் போர்ட்டைத் திறந்தால் வழக்கமாக டிடிஆர் 1 ஆகும், மூடினால் 0 ஆகும். ஆர்டுயினோவில் 'சீரியல் தயாரா' என்பது கடைசியில் இந்த பிட்டுகள் இருக்கும் ஒரு பைட் பூஜ்யமா இல்லையா என்று பார்ப்பதுதான். டைனியூஎஸ்பியில் 'சிடிசி கனெக்டட்' என்பதும் இதே பிட்டைத்தான் பார்க்கிறது, கூடவே பஸ் உறங்கவில்லை என்பதையும் சேர்த்து. சர்க்யூட்பைத்தானில் 'சீரியல் கனெக்டட்' என்று கேட்பதும் இதே. மேலே பெயர் எத்தனை இருந்தாலும் அடியில் இருப்பது அந்த ஒரு பிட்.

எஸ்டிஎம்32இல் இந்தப் பிட்டைத் தேடி ஒரு முழு சாயங்காலத்தை விட்டேன், யாருக்காவது மிச்சமாகட்டும் என்று எழுதிவைக்கிறேன். அந்த சிப்புக்கான கியூப் என்ற கருவி உருவாக்கித் தரும் கோடில் கன்ட்ரோல் கட்டளைகளுக்கென்று ஒரு ஃபங்ஷன் இருக்கும், உள்ளே டிடிஆரைக் கொண்டுவரும் லைன் ஸ்டேட் கட்டளைக்கான இடம் காலியாக விடப்பட்டிருக்கும். கொடுக்கப்படும் பஃபரின் முதல் பைட்டில் டிடிஆர் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இருக்காது. இந்தக் கட்டளைக்குத் தரவுப் பகுதியே கிடையாது, நீளம் 0. அதனால் அந்த பாயின்டர் உண்மையில் காட்டுவது கட்டளையைச் சுமந்து வந்த செட்டப் பாக்கெட்டை. அதைச் செட்டப் கோரிக்கையின் வகைக்கு மாற்றி, அதற்குள் இருக்கும் 'வேல்யூ' என்ற புலத்தின் முதல் பிட்டை, அதாவது பிட் 0ஐ, பார்க்க வேண்டும்.

சரி, டிடிஆர் 1 ஆகிவிட்டது, இனி பேசலாமா? இங்கேதான் விஷயம் நெளிய ஆரம்பிக்கிறது. ஆர்டுயினோவின் 32யூ4 கோடில் இந்தப் பிட்டைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதற்கு முன் 10 மில்லிசெகண்ட் சும்மா காத்திருக்கிறார்கள். பிட் வந்துவிட்டது, ஆனால் எதிர்ப்பக்கம் இன்னும் முழுசாகத் திறந்தபாடில்லை என்ற நிலையை யாரோ உண்மையில் பார்த்திருக்கிறார்கள் என்று அங்கேயே கருத்துரை இருக்கிறது. ராஸ்பெர்ரி பை பைக்கோ போர்டுக்கு நிரல் எழுத அவர்களே தரும் எஸ்டிகேயில் இதே மருந்து 50 மில்லிசெகண்ட். இணைப்பு வந்த உடனே அனுப்பினால் சில டெர்மினல்கள் அதைத் தவறவிடுகின்றன என்று அவர்களும் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு வெவ்வேறு குழு, இரண்டு வெவ்வேறு சிப், ஆனால் இருவருமே அந்தப் பிட்டை முழுசாக நம்பாமல் கொஞ்சம் தாமதத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள். இதைப் படித்த பிறகுதான் எனக்குத் தெளிவாகப் பட்டது: டிடிஆர் என்பது கணினிப் பக்கத்து டிரைவர் எடுத்துக்காட்டும் கொடி, நம் பேச்சைப் படிக்கப்போகும் புரோகிராமின் வாக்குறுதி இல்லை.

லினக்ஸில் இதைவிடப் பெரிய தொல்லை எதிரொலி. ஒரு போர்ட்டைத் திறந்ததும் டிரைவர் டிடிஆரை உயர்த்திவிடும். ஆனால் அந்த டெர்மினலின் ஆரம்ப அமைப்பில் எக்கோ இருக்கும், திறந்த புரோகிராம் 'எனக்கு எதையும் மாற்றாமல் அப்படியே கொடு' என்று அமைப்பை மாற்ற இன்னும் ஒரு கணம் ஆகும். அந்தக் கணத்துக்குள் போர்டு 'வணக்கம், கட்டளை கொடுங்கள்' என்று அனுப்பினால் அது அப்படியே போர்டுக்கே திரும்பி வரும். என் பெட்டியில் கட்டளைகளைப் படிக்கும் பகுதி ஒன்று இருந்தது, அது தன் வணக்கத்தையே கட்டளையாக எடுத்துக்கொண்டு 'புரியவில்லை' என்று பதில் அனுப்பியது. அந்த 'புரியவில்லை'யும் சில சமயம் திரும்பி வந்தது. திரையில் வரிசையாக 'புரியவில்லை, புரியவில்லை'. சென்சார் கம்பியில் இரைச்சல் என்று நினைத்து இரண்டு நாள் கம்பியை மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஆளே இல்லாமல் டிடிஆர் உயர்வதும் உண்டு. லினக்ஸ் கணினிகளில் மோடம்மேனேஜர் என்ற சேவை ஓடிக்கொண்டிருக்கலாம். அமைப்பைப் பொறுத்து, புதிதாக ஒரு ஏசிஎம் போர்ட் தோன்றினால் இது மோடமாக இருக்குமோ என்று திறந்து, ஏடி கட்டளைகளை அனுப்பிப் பார்த்துவிட்டு மூடிவிடும். வரையறையின் பெயரே மோடமுக்கானது என்பதால் அதன்மேல் குற்றமில்லை. ஆனால் போர்டின் பார்வையில் என்ன நடக்கிறது பாருங்கள்: யாரோ திறந்தார்கள், தொடக்கச் செய்தி எல்லாம் போனது, மூடிவிட்டார்கள், அப்புறம் நீங்கள் வந்து திறந்தால் ஒன்றுமில்லை. 'சீரியல் தயாராகும்வரை நில்' என்ற வரியை வைத்திருந்தும் முதல் வரிகள் காணாமல் போகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் இதைத்தான் கேட்பேன்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு, ஆள் இருக்கும், டிடிஆர் இருக்காது. விண்டோஸில் டிடிஆரை உயர்த்துவதா வேண்டாமா என்பது திறக்கும் புரோகிராமின் விருப்பம். டாட்நெட்டின் சீரியல்போர்ட் கிளாஸில் அதன் தொடக்க மதிப்பே 'இல்லை' என்பதுதான். டாட்நெட்டின் சி ஷார்ப் மொழியில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதி, போர்ட்டைத் திறந்து, ஒன்றுமே வரவில்லை என்று போர்டைச் சந்தேகிப்பவர்கள் எத்தனையோ பேர். பைத்தானின் பைசீரியலில் திறந்தால் வருகிறது, சி ஷார்ப்பில் திறந்தால் வரவில்லை, காரணம் இந்த ஒரு அமைப்புதான், அதை உண்மை என்று மாற்றினால் போர்டு பேச ஆரம்பிக்கும். பைக்கோ எஸ்டிகேயில் டிடிஆர் இல்லாமலே இணைப்பு என்று எடுத்துக்கொள்ளத் தனியாக ஒரு அமைப்பு வைத்திருக்கிறார்கள், இந்த மாதிரிப் புரோகிராம்களுக்காகத்தான் இருக்க வேண்டும்.

டிடிஆரை விட்டுவிட்டு, பாட் ரேட் என்ற சீரியல் வேகம் எப்போது வருகிறது என்று பார்க்கலாமே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. கணினி போர்ட்டைத் திறக்கும்போது வேகம், ஸ்டாப் பிட், பாரிட்டி எல்லாம் சேர்த்து 7 பைட்டில் லைன் கோடிங் என்று ஒன்றை அனுப்பும். அது வந்தால் யாரோ திறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்தானே? இல்லை. லினக்ஸ் டிரைவர் போர்டை முதலில் அடையாளம் காணும்போதே, யாரும் திறப்பதற்கு முன்பே, 9600 என்று ஒன்றை அனுப்பிவிடுகிறது. அந்த யோசனை அன்றோடு முடிந்தது.

ஈஎஸ்பி32 சி3, எஸ்3 போன்றவற்றில் சிப்புக்குள்ளேயே யூஎஸ்பி சீரியல் ஜேடேக் என்று ஒரு நிலையான வன்பொருள் இருக்கிறது. அதில் 'இணைந்திருக்கிறதா' என்று கேட்டால் கிடைக்கும் பதில் வேறு வகையானது. ஃபுல் ஸ்பீட் பஸ்ஸில் கணினி 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஒரு துடிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும், ஸ்டார்ட் ஆஃப் ஃபிரேம் என்பார்கள். அந்தத் துடிப்பு வருகிறதா என்பதைத்தான் இந்த ஃபங்ஷன் பார்க்கிறது. போன் சார்ஜரில் செருகினால் துடிப்பு இருக்காது, கணினியில் செருகினால் இருக்கும், ஆகவே சார்ஜரா கணினியா என்பதற்கு இது அருமையான பதில். டெர்மினல் திறந்திருக்கிறதா என்பதற்கு இது பதிலே இல்லை. ஒரே மாதிரி பெயர் வைத்த ஃபங்ஷன்கள் ஒவ்வொரு சிப்பிலும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. ஒரு சிப்பில் எழுதிய கோடை அடுத்ததற்குக் கொண்டுபோகும்போது நான் இப்போதெல்லாம் பெயரைப் பார்ப்பதில்லை, உள்ளே திறந்து எந்தப் பிட்டைப் படிக்கிறது என்று பார்த்துவிடுகிறேன்.

திறப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், ஆள் எழுந்து போனதைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கடினம். புரோகிராமை மூடினால் டிடிஆர் இறங்கும், அது செயலிழந்து விழுந்தாலும் இயங்குதளம் போர்ட்டை மூடிவிடும் என்பதால் வழக்கமாக இறங்கிவிடும். ஆனால் கேபிளை உருவினால் 'டிடிஆர் 0' என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் போர்டு என்றால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும், கவலையில்லை. என் பெட்டி மாதிரித் தனி அடாப்டரில் ஓடுவது என்றால், கேபிளில் 5 வோல்ட் இருக்கிறதா என்று போர்டு தானே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பழைய டிடிஆர் 1 என்பது அப்படியே நினைவில் கிடக்கும். லேப்டாப் மூடியைச் சாத்தினாலும் இதே கதைதான். பஸ்ஸில் 3 மில்லிசெகண்ட் அசைவில்லை என்றால் போர்டு சஸ்பெண்ட் நிலைக்குப் போக வேண்டும், கேட்பவர் உறங்கிவிட்டார், ஆனால் டிடிஆர் பிட் மாறவில்லை. இந்த நிலையில் ஒரு எழுத்தை அனுப்ப இடம் கிடைக்கும்வரை காத்திரு என்று எழுதியிருந்தால் பஃபர் நிறைந்ததும் உங்கள் நிரல் அங்கேயே நிற்கும். ஃபுல் ஸ்பீடில் பல்க் பாக்கெட் ஒன்றுக்கு அதிகபட்சம் 64 பைட்தான், சின்னப் பஃபர் நிறைய ரொம்ப நேரம் ஆகாது. அதாவது தொடக்கத்தில் காத்திருக்கும் வரியை எடுத்துவிட்டால் மட்டும் போதாது, ஒவ்வொரு பிரிண்ட் வரியும் அதே மாதிரிக் காத்திருப்பாக மாறலாம். பைக்கோ எஸ்டிகே இதற்கு அரை செகண்ட் வரம்பு வைத்திருக்கிறது. டைனியூஎஸ்பி வேறு வழி எடுத்திருக்கிறது, டிடிஆர் இல்லாதபோது பஃபரில் பழையதன்மேல் புதியது எழுதப்படும், நிரல் நிற்காது. அந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்தது.

டீன்சி போர்டுக்காரர்கள் மத்தியில் ஒரு வழக்கம் உண்டு: சீரியல் தயாராகும்வரை நில், ஆனால் 4 செகண்டுக்குமேல் நிற்காதே. மேஜையில் சோதிக்கும்போது முதல் வரிகளும் கிடைக்கும், சார்ஜரில் மாட்டினாலும் 4 செகண்டில் எழுந்துவிடும். பெரும்பாலான வேலைகளுக்கு இதுவே போதும், யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்கிறேன். சித்தப்பாவின் பெட்டியில் மட்டும் இதைக்கூட வைக்க எனக்கு மனம் வரவில்லை. சூடு தரும் ஒரு கருவி, தன் வேலையைத் தொடங்கும் முன், பக்கத்தில் யாராவது கேட்கிறார்களா என்று ஒரு நொடிகூட ஏன் பார்க்க வேண்டும்?

அதனால் வரிசையை மாற்றினேன். எழுந்ததும் முதலில் ரிலே பின், அப்புறம் சென்சார், அப்புறம் வாட்ச்டாக், வெப்பக் கட்டுப்பாடு ஓட ஆரம்பித்த பிறகுதான் சீரியல். சொல்ல வேண்டியதை நேரே சீரியலில் எழுதுவதில்லை, 512 பைட் வட்டப் பஃபரில் எழுதிவைக்கிறேன். 32யூ4இல் மொத்த ரேமே 2.5 கிலோபைட் என்பதால் இதற்குமேல் ஒதுக்க இடமில்லை. எத்தனை முறை மறுபடி எழுந்தது என்ற எண்ணிக்கை மட்டும் ஈஈப்ரொம்மில் போகிறது, கரண்ட் போனாலும் அழியாமல் இருக்க. டிடிஆர் வந்தாலும் பெட்டி தானாகப் பேசாது. கணினியிலிருந்து ஒரு கேள்விக்குறி வந்தால்தான் இருப்பதையெல்லாம் கொட்டும், அதுவும் பஃபரில் இடம் இருக்கும் அளவுக்கு, மீதி அடுத்த சுற்றில். கேள்விக்குறி வந்தால் எதிரே கேட்டுப் படிக்கிற ஒன்று இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை, எதிரொலியும் இல்லை, மோடம்மேனேஜரின் ஏடி கட்டளைக்கு இது வாயைத் திறப்பதும் இல்லை. ஆர்டுயினோவோடு வரும் உதாரணங்களில் அழைப்பும் பதிலும் என்று ஒன்று பல வருஷமாக இருக்கிறது, எதிரிலிருந்து ஒரு பைட் வரும்வரை போர்டு 'ஏ' என்ற எழுத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். நான் செய்தது கிட்டத்தட்ட அதுதான், திசையை மட்டும் திருப்பிக்கொண்டேன். அந்த உதாரணத்தைப் பலமுறை கடந்து போயிருக்கிறேன், எதற்காக அது இருக்கிறது என்று நின்று பார்த்ததில்லை.

போர்டு எழும் முதல் சில மில்லிசெகண்டில் நடப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் யூஎஸ்பி சீரியலை நம்பவே வேண்டாம் என்பது என் கட்சி. எனுமரேஷன் முடிவதற்கே நூறு மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது, அதற்குள் செயலிழந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. போர்டில் இருக்கும் சாதா யூஆர்ட் (யூஎஸ்பி கலக்காத நேரடி சீரியல்) பின்னில் ஒரு யூஎஸ்பி சீரியல் மாற்றிக் கேபிளை மாட்டிக்கொள்ளுங்கள், அதற்கு யாரும் தயாராக இருக்கத் தேவையில்லை, பின்னில் எழுதினால் போய்விடும்.

அந்த 60 முட்டையில் 19 பொரித்தது. மீதியை 21ஆம் நாளுக்குப் பிறகும் மூன்று நாள் வைத்திருந்து பார்த்தார் சித்தப்பா, பிறகு தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தை முடிந்து மறுபடி முட்டை சேர்ந்ததும் "பெட்டியைப் போட்டரலாமா கண்ணு" என்று மட்டும் கேட்டார்.

இந்த முறை மாட்டுவதற்கு முன் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, லேப்டாப்பைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, அடாப்டரை இருபது தடவை பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் ரிலே சத்தம் வரும்வரை காது கொடுத்துக் கேட்டோம், அவரும் கூடவே எண்ணினார். நேற்றுப் போனபோது கேபிளைச் செருகி, மானிட்டரைத் திறந்து, கேள்விக்குறியைத் தட்டினேன். வந்த முதல் வரி இப்படி இருந்தது: நாள் 14, மறுபடி எழுந்தது 5 முறை, இப்போது 37.4.